சிக்கந்தரின் மூன்றாவது கை

ஆனையூரில் நர்சரி வைத்திருக்கும் சிக்கந்தரின் வலது மணிக்கட்டில் பேயாண்டி அரிவாளை வைத்து அளவு பார்த்தார். சிக்கந்தர் உடனே டீ சொன்னார். டீ வந்தது. பேயாண்டி இடது கையால் வாங்கிக் குடித்தார். வலது கையில் அரிவாள் வைத்த இடத்திலேயே இருந்தது.

"பாய், தையில தெப்பத் திருநாளுக்கு ஏம் மக வாரா. அதுக்குள்ள அந்த மஞ்சப்பூ பூத்திருக்கணும். பூக்கலேன்னா இந்தக் கை எனக்கு. இந்தா, இந்த எலும்புக்கு மேல. சுத்தமா எடுத்துருவேன், பயப்படாத."

"பூத்துரும்ணே."

"நாயம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும். பூக்காமப் போறதுக்கு எவன் காரணமோ, அவன் வலது கை அடுத்தவனுக்குச் சொந்தம். நான் காரணமா இருந்தா ஏங் கைய நீ எடுத்துக்க."

சிக்கந்தர் பேயாண்டியின் கையைப் பார்த்தார். சொளகு அகலத்துக்கு இருந்தது. தன் கையைப் பார்த்தார். அது அரிவாளுக்கு அடியில் சின்னதாகத் தெரிந்தது. தலையை ஆட்டினார். ஆட்டாமல் இருக்க முடியுமா என்று அரிவாளை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பேயாண்டி நாகமலைக்கு மேற்கே மல்லிகை போட்டிருக்கும் சம்சாரி. சாதுவான மனிதர், கோபம் வரும்போது மட்டும்தான் அடிப்பார். தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கோபம் வரும். போன வருஷம் கலப்பட உரம் கொடுத்த கடைக்காரரை ஓர் அறை விட்டார். அந்த மனிதருக்கு அதுவரை வலது பக்கம் எடுத்திருந்த வகிடு இடது பக்கத்துக்குப் போய்விட்டது. எந்த எண்ணெய் போட்டுச் சீவினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குக் கனடாவிலிருந்து மகள் பவதாரிணி ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டாள். வீட்டு வாசலில் ஒரு புதர். கிளையில் ஓர் இலை கிடையாது. அடியிலிருந்து நுனிவரை மஞ்சள் பூ, மஞ்சளை அரைத்து அப்பினாற்போல. பெயர் ஃபோர்சித்தியா என்றாள். பனி உருகியதும் இலைக்குக்கூடக் காத்திருக்காமல் பூத்துவிடுமாம். அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் எலும்பு முறிந்திருக்காது. "நம்மூர்ல இதெல்லாம் வராதுப்பா" என்று ஒரு வார்த்தை சேர்த்தாள்.

தன் மண்ணில் வராத செடி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதைப் பேயாண்டி அன்றுதான் கேள்விப்பட்டார். ஆத்திரத்தில் செல்போனைக் கடித்தார். மூலையில் பல் பதிந்த அந்தப் போன் இப்போதும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. மறுநாள் காலையில் பேயாண்டி அரிவாளோடு சிக்கந்தரின் நர்சரியில் வந்து நின்றார்.

சிக்கந்தருக்கு ஒரு பழக்கம். எந்தச் செடியைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். எந்தச் செடியைப் பற்றிக் கேட்டாலும் கஷ்டம் என்று சொல்ல மாட்டார். "அதுக்கென்னண்ணே, கொண்டாந்துருவோம்" என்றார். வளர்க்கிற பக்குவம் கேட்டதற்கு, "மல்லிக்கு இது தங்கச்சி மொற. ரெண்டும் ஒரே குடும்பம். மல்லி மாதிரிதான்ணே, ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார். குடும்பம் ஒன்று என்றது நிஜம். மிச்சம் வியாபாரம்.

கொடைக்கானலில் ஒரு பங்களாத் தோட்டத்தில் மருது என்கிற தோட்டக்காரரைப் பிடித்து, நாலு ரகத்தில் நாலு செடி வாங்கினார். ஒன்று, ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நின்று பெரிய பூவாகப் பூக்கிற ரகம்; லின்வுட் என்று பெயர். ஒன்று, கிளையை வில்லாக வளைத்துத் தரையைத் தொடுகிற ரகம். ஒன்று முழங்காலுக்கு மேல் வளராத குள்ளம். நாலாவது, இலையில் மஞ்சள் வரி ஓடியது. பூவில்லாத நாளிலும் அழகாக இருக்கும் என்றார்கள். அது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் சமவெளி வெயிலை ஒரு தடவை பார்த்துவிட்டு உயிரை விட்டது. மற்ற மூன்றும் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வந்து சேர்ந்து, பேயாண்டியின் மல்லிகை வரிசைக்குக் கடைசியில் நடப்பட்டன.

குள்ள ரகத்தைப் பக்கத்துத் தோட்டத்து மொக்கையனின் ஆடு தின்றது. ஆட்டைப் பேயாண்டி தின்றார். கணக்கு நேராயிற்று என்று ஊரே நினைத்தது.

ஆனால் வளைகிற ரகத்துக்கு ஒரு குணம் உண்டு. கிளை நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். அங்கிருந்து புதுசாக எழுந்து, வளைந்து, அடுத்த இடத்தில் தொடும். பேயாண்டி போட்ட எருவில் அது சும்மா வளரவில்லை, நடந்தது. வரப்பைத் தாண்டி மொக்கையன் மண்ணில் காலை ஊன்றியது. மொக்கையன் பேயாண்டிக்குப் பங்காளி. உடம்பில் பாதிதான் இருப்பார். வாய் இரண்டு மடங்கு.

"வேரு ஏம் மண்ணுல இருக்குல்ல? செடி ஏன்து" என்றார் மொக்கையன்.

"தாய் ஏங்கிட்ட இருக்கால்ல? பிள்ளையும் ஏன்துதான்."

"அப்ப பிள்ளைய ஒழுங்கா வளக்கணும். அடுத்த வீட்டுல வந்து படுக்க விடக்கூடாது."

பேயாண்டி மண்வெட்டியைத் தூக்கினார். மொக்கையன் கடப்பாரையைத் தூக்கினார். விலக்கிவிடப் போன சிக்கந்தர் மண்வெட்டிக் காம்பை நெற்றியில் வாங்கி, வாய்க்காலில் மல்லாந்தார். அங்கிருந்து பார்த்த வரைக்கும் சண்டை முறையாக நடந்தது. மண்வெட்டி முறிந்தது. கடப்பாரை வளைந்தது. பிறகு கை, அப்புறம் தலை, கடைசியில் பல். மொக்கையன் பேயாண்டியின் தோளில் கடித்துத் தொங்கினார். பேயாண்டி அவரை உதறிய உதறலில் கடைவாய்ப்பல் ஒன்று தோளிலேயே தங்கிவிட்டது. பதிலுக்குப் பேயாண்டி கடித்ததில் மொக்கையனின் காது மடலில் ஒரு துண்டு வரப்பில் விழுந்தது. பொழுது சாய்ந்ததும் இரண்டு பேரும் ஒரே பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காது விழுந்த இடத்தில் செடி மற்ற இடங்களைவிடச் செழிப்பாக வந்தது. அதை மொக்கையனே ஒத்துக்கொண்டார்.

செடி வளர்ந்ததே தவிர, பூக்கிற அறிகுறி இல்லை. சிக்கந்தர் மருதுவுக்குப் போன் போட்டார்.

"மருதைக்கா கொண்டு போன? கிறுக்காய்யா நீ?" என்றார் மருது. "அதுக்குக் குளிரு வேணும்யா. குளிரு படலேன்னா மொட்டு தூங்கிக்கிட்டேதான் கெடக்கும். இன்னொண்ணு, போன வருசக் குச்சியிலதான் பூ வரும். கத்தரியக் கித்தரிய வச்சுராத. வெட்டுறதுன்னா பூத்து முடிச்சப்புறம் வெட்டு."

சிக்கந்தர் நாகமலைக்குப் போய்க் குளிர் விஷயத்தைச் சொன்னார். பேயாண்டி உடனே அவரை இழுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போனார். செடிக்கெல்லாம் ஐஸ் தருவதில்லை என்று முதலாளி சொன்னார். கத்தரி விஷயத்தைச் சொல்ல சிக்கந்தர் வாயெடுத்த நேரம், பேயாண்டி அந்த முதலாளியின் கழுத்தைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கியிருந்தார். அந்த மாதிரி நேரத்தில் செடியைப் பற்றிப் பேசுவது மரியாதையில்லை. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார். அப்புறம் மறந்தும்விட்டார்.

ஐப்பசியிலிருந்து தினமும் ஐஸ் பார் வந்தது. செடிகளைச் சுற்றி தெர்மாகோல் வைத்துப் பந்தல் போட்டு, உள்ளே ஐஸை அடுக்கி, மேலே மரத்தூள் தூவினார்கள். களையெடுக்கும் பெண்கள் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். வழிதவறி உள்ளே போன ஓணான் ஒன்று தலையைத் தூக்கியவாக்கில் விறைத்து நின்றுவிட்டது. பொங்கல் கழிந்துதான் மிச்சத் தலையாட்டலை ஆட்டி முடித்தது. பந்தலிலிருந்து வழிந்த குளிரில் மொக்கையனின் மாடு கறந்த பாலில் ஆடைக்குப் பதில் ஏடு ஏடாக ஐஸ் நின்றது. அதற்காக மொக்கையன் வந்து பேயாண்டியை ஐஸ் உடைக்கிற கம்பியால் தொடையில் குத்தினார். ரத்தம் வெளியே வந்து பந்தல் குளிரில் அப்படியே உறைந்ததால் கட்டுப்போட வேண்டியிருக்கவில்லை.

மார்கழி நடுவில் சிக்கந்தர் குச்சிகளைத் தடவிப் பார்த்தார். இலையெல்லாம் உதிர்ந்து, கணுவுக்குக் கணு நெல்மணி மாதிரி மொட்டு தட்டுப்பட்டது. அன்று வீட்டுக்குப் போய் வலது கையால் மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டார். "கை நமக்குத்தான் நாஸியா" என்று மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை, இடது கையால் எழுதிப் பழகச் சொல்லி ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

மார்கழிக் கடைசியில் லோடு ஆட்டோவில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போனவர், தோட்டத்து முகப்பிலேயே நின்றுவிட்டார்.

மல்லிகைக்குக் கவாத்து நடந்து முடிந்திருந்தது. மல்லிகை போடுகிற எவரும் மார்கழியில் கவாத்துப் பண்ணாமல் இருக்க மாட்டார்கள். முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்துவிட்டால்தான் புதுத் தளிர் வந்து, பங்குனியில் பூ கொட்டும். அந்த வேலையைப் பேயாண்டி ஆள் வைத்துச் செய்வதில்லை. தன் கத்தரியால் தானே வெட்டுவார். வெட்ட ஆரம்பித்தால் நிமிர மாட்டார். வரிசை வரிசையாக வந்தவர் கடைசி வரிசையில் பந்தலையும் பிரித்துவிட்டு, அதே உயரத்தில், அதே கத்தரியால், லின்வுட்டையும் வளைகிற ரகத்தையும் மொட்டையடித்திருந்தார். மொட்டுப் பிடித்த குச்சிகள் எரிக்கிற குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தன.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க!"

"கவாத்து" என்றார் பேயாண்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எப்புடி? மட்டம் வச்ச மாதிரி இல்ல?"

"பூவு அம்புட்டும் இந்தக் குச்சியிலதாண்ணே இருந்துச்சு!"

"மல்லி மாதிரின்னு சொன்னது யாரு?"

சிக்கந்தர் பிறந்ததிலிருந்து யாரையும் அடித்ததில்லை. அன்று என்ன வந்ததோ, எட்டிப் பேயாண்டியின் தாடையில் ஒரு குத்து விட்டார். குத்திய கையைத்தான் ஊதிக்கொள்ள வேண்டியிருந்தது.

"அடிச்சியா பாய்?"

"ஆமாண்ணே."

"சும்மா கேட்டேன். கொசு கிசுவோன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சிக்கந்தர் துண்டு துண்டாகத்தான் பார்த்தார், ஏனென்றால் பாதி நேரம் தலைகீழாக இருந்தார். பேயாண்டி ஒரு ஐஸ் பாரை எடுத்து வீசினார். சிக்கந்தர் குனிந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்த மொக்கையனின் நெஞ்சில் அது இறங்கி, அவரை மாட்டுத்தொட்டி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்ததாக ஓர் உதையில் சிக்கந்தர் குச்சிக் குவியலில் போய் விழுந்தார். பேயாண்டி குனிந்து, குச்சி எது மனிதன் எது என்று பிரித்துக்கொண்டிருக்காமல், ஒரே அணைப்பாக வாரி லோடு ஆட்டோவில் எறிந்தார்.

"போய் அந்தக் கையால செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு முடிச்சுக்க. தெப்பத்தன்னைக்கு வாரேன்."

வீட்டில் நாஸியா அவருடைய சட்டையிலிருந்தும் தலையிலிருந்தும் குச்சிகளை உருவினாள். விலா எலும்பு இரண்டு நகர்ந்திருந்தன. முன்பல் ஒன்று ஆடியது.

"யா அல்லாஹ், என்னங்க இது, வெறகா?"

சிக்கந்தர் ஒரு குச்சியை வாங்கிப் பார்த்தார். கொடைக்கானல் பங்களா அடுப்படியில் ஒரு வாளியில் மொட்டைக் குச்சிகள் நின்றது நினைவுக்கு வந்தது. என்னவென்று அன்று கேட்கவில்லை. வாளிக் குச்சிகளின் நுனியில் மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்ததும் இப்போதுதான் நினைவில் முளைத்தது.

"நாஸியா, தேக்ஸாவ எறக்கு."

கல்யாண பிரியாணி போடுகிற தேக்ஸாவில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, குச்சிகளின் அடியைச் சாய்வாக வெட்டி நிறுத்தினார்கள். தண்ணீரைத் தினமும் மாற்றினார்கள். தை பிறந்தது. மொட்டு பருத்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. சிக்கந்தர் சிலேட்டில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகினார். தெப்பத்துக்கு முந்தின நாள் பார்க்கும்போதும் மொட்டு மொட்டாகத்தான் இருந்தது.

தெப்பத்தன்று காலையில் பேயாண்டி நர்சரிக்கு வந்தார். தோளில் கறிக்கடையில் வாங்கிய வெட்டுக்கட்டை. கையில் தீட்டிய அரிவாள். சாட்சிக்கு மொக்கையன், நெஞ்சில் கட்டோடு. பின்னால் பவதாரிணி. எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ஒருத்தர் கையை வெட்டப் போகிறேன் என்று மறைக்காமல் சொல்லியிருக்கிறார். "ஃப்ளைட்ல உக்காந்து காலெல்லாம் பிடிச்சிருக்கு, நானும் வாரேன்" என்று வந்துவிட்டாள்.

உள்ளே வந்ததும் பேயாண்டி வழியில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளை உதைத்தார். ஒன்று பறந்துபோய் எதிர்வீட்டு மாடியில், சரியாகச் செடி வைக்க வேண்டிய மூலையில், உட்கார்ந்தது. குறுக்கே வந்த நர்சரி பலகையைத் தலையால் பிளந்தார். சிக்கந்தரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து, கட்டையில் கையை வைத்து, முழங்காலால் அமுக்கினார்.

"மொக்கையா, பூ பூத்துச்சா?"

"பூக்கல" என்றார் மொக்கையன். பாதிக் காதைத் தடவிக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "வெட்டுறதுன்னா வெட்டு, எனக்கு தெப்பம் பாக்கப் போகணும்."

அரிவாள் ஏறியது. சிக்கந்தர் கலிமா சொன்னார். அந்த நேரம் நர்சரிக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள்ளிருந்து நாஸியா, "ஏங்க! ஏங்க!" என்று கத்திக்கொண்டு, தேக்ஸாவைத் தூக்க முடியாமல் தூக்கி ஓடிவந்தாள். இறங்க ஆரம்பித்த அரிவாளை நிறுத்த பேயாண்டியாலேயே முடியாது. சத்தம் வந்த பக்கம் திரும்பியதில் அரைச் சாண் விலகி, சிக்கந்தரின் கட்டைவிரல் நகத்தைச் சீவிக்கொண்டு கட்டையைப் பிளந்து, தரையில் பாதிவரை இறங்கியது. நகம் துள்ளிப்போய் மொக்கையனின் சட்டைப் பைக்குள் விழுந்தது.

யாரும் அதைப் பார்க்கவில்லை. தேக்ஸா முழுக்க மஞ்சள். ஒரு குச்சியிலும் இலை இல்லை.

பவதாரிணி கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, எங்க வாசல்ல நிக்கிறதவிடப் பெரிய பூ!"

பேயாண்டியின் முகம் விரிந்தது. பிறகு சுருங்கியது. "சட்டியில பூத்தது செல்லாது. செடியில பூக்கணும்."

"செடியிலதாண்ணே இருந்துச்சு!" சிக்கந்தர் விரலை வாயில் வைத்துக்கொண்டே கத்தினார். "நீங்க வெட்டாம விட்டிருந்தா அங்கயே பூத்திருக்கும்!"

"மல்லி மாதிரின்னு நீ சொல்லாம இருந்திருந்தா நான் வெட்டியிருக்க மாட்டேன்!"

இரண்டும் உண்மைதான். பேயாண்டி அரிவாளைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்த்தார். பவதாரிணி அதன் பிடியில் காலை வைத்தாள். உலகத்தில் பேயாண்டி பயப்படுகிற ஒரே கால் அது.

"பந்தயம் என்னப்பா?"

சொன்னார்.

"அவரு சொன்னது எதால? வாயால. நீங்க வெட்டுனது எதால?"

பேயாண்டி தன் வலது கையைப் பார்த்தார்.

"பந்தயம் வாய்க்கா, கைக்கா?"

மொக்கையனுக்கு இவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. நெஞ்சுக்கட்டு அவிழ்ந்துவிடும்போலச் சிரித்தார். பேயாண்டி சிரிக்கவில்லை, தகராறும் பண்ணவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, பிளந்த கட்டையை இடது கையால் சேர்த்து, வலது கையை அதன்மேல் நீட்டினார்.

"நாயம்னா நாயம். வெட்டிக்க பாய்."

சிக்கந்தர் அரிவாளைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. எதிரே கிடந்த கை, மடியில் வளர்த்த கிடா மாதிரி அமைதியாகக் கிடந்தது. தன் நெற்றி, விலா, பல் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அரிவாள் மெதுவாக மேலே ஏறியது.

"ஏங்க" என்றாள் நாஸியா. "இம்புட்டுப் பெரிய கைய வெட்டி எங்க வைக்கிறது? ஃப்ரிட்ஜுல எடமில்ல."

சிக்கந்தர் யோசித்தார். அரிவாளைக் கீழே வைத்தார்.

"கை ஏன்துதான். இப்போதைக்கு அங்கயே இருக்கட்டும்ணே. வேணுங்கிறப்ப சொல்லி அனுப்புறேன்."

அன்றிலிருந்து அந்தக் கை சிக்கந்தருடையது. பேயாண்டி வார்த்தை தவறுகிறவர் இல்லை. சாப்பிடவும் கவாத்துக்கும் இடது கையைப் பழக்கிக்கொண்டார். சிலேட்டை நாஸியா அவருக்கே கொடுத்துவிட்டாள். மொக்கையனை அடிப்பதென்றால்கூட முன்கூட்டியே போன் பண்ணி, "பாய், கை சும்மா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். வாரத்தில் ஒரு நாள் நர்சரிக்கு வந்து, கையை வேலைக்கு விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். வாங்கின செடியில் பூச்சி என்று சத்தம் போடுகிறவர்கள், சிக்கந்தரின் மூன்றாவது கை முழங்காலில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, பூச்சியையும் பாராட்டிவிட்டுப் போனார்கள். பாராட்டாதவர்களின் வகிடு இடம் மாறியது.

சித்திரை வெயிலில் பேயாண்டி வந்திருந்த ஒரு நாள் பசுமலையிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். ரோகிணி என்று பெயர். தேக்ஸாக் குச்சி வேர்பிடித்து, கடையோரத்தில் தளிர்விட்டு நின்ற செடியைக் காட்டி, இது வளர்ப்பது கஷ்டமா என்று கேட்டார்.

"ஃபோர்சித்தியா, அக்கா. என்ன கஷ்டம்?" என்றார் சிக்கந்தர். "செம்பருத்தி மாதிரிதான்..."

அறை விழுந்த சத்தத்தில் ஷெட்டுக்கு மேலே இருந்த காக்கைகள் நாகமலைப் பக்கம் கிளம்பின. சிக்கந்தர் உரமூட்டைகளைத் தாண்டி, தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி, ரோஜாப் பதியன்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். ஆடிக்கொண்டிருந்த முன்பல் இப்போது ஆடவில்லை; இல்லை.

பேயாண்டி முக்காலியில் நெளிந்தார். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அமுக்கினார். "நான் இல்ல பாய். சத்தியமா அது ஓங் கை."

சிக்கந்தர் கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுந்தார். போலீஸுக்குப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தார். தன் கையே தன் வாயில் அடித்தது என்று எந்த ஸ்டேஷனில் எழுதிக்கொள்வார்கள்?

டீச்சரம்மாவிடம் வந்தார். ஒரு கண் பேயாண்டியின் மடியில் இருந்தது.

"ரொம்பக் கஷ்டம்க்கா" என்றார். "வேற ஏதாச்சும் பாருங்க."